நான்கு மில்லிமீட்டர் டயர் வித்தியாசம்: ஒரு சுபாரு அவுட்பேக் நிகழ்வு ஆய்வு

வண்டி 2003 மாடல் சுபாரு அவுட்பேக் ஸ்டேஷன் வேகன். 2.5 லிட்டர் நாலு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின் (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் வகை), 4ஈஏடி என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக். ஓட்டம் 2,12,000 கி.மீ. ஓடும் இடம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பேரி நகரமும், அங்கிருந்து டொராண்டோவுக்கு இறங்கும் 400ஆம் நெடுஞ்சாலையும். பேரியில் பனி கொட்டும் மாதங்கள் நீளம். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை அங்கே வாங்குவது ஆடம்பரத்துக்கு அல்ல.

ஏப்ரல் மாதம் தொடங்கிய புகார் இது. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால், ஹேண்ட்பிரேக்கை விட மறந்ததுபோல வண்டி இறுகி நிற்கிறது. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ‘டக்’ என்று விடுபட்டு முன்னே குதிக்கிறது. காலையில் முதல் திருப்பத்தில் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடி வந்தபின் மோசமாக இருக்கும், ரிவர்ஸில் இன்னும் மோசம்.

இதற்கு முன் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் முன்பக்க ஆக்ஸில் ஒன்றை மாற்றியிருந்தார்கள். பலன் இல்லை. டயர்களையும் அங்கே அளந்திருக்கிறார்கள். நாலும் ஒரே அளவு, எனவே டயர் காரணம் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். இந்த வண்டி இரண்டு மாதம் வீணாக ஓடியது அந்த முடிவால்தான்.

இறுகுவது எது

இந்த ஆட்டோமேட்டிக்கில் முன் சக்கரங்களுக்குச் சக்தி நேராகப் போகிறது. பின் சக்கரங்களுக்குப் போக வேண்டியது, கியர்பாக்ஸின் வால் பகுதியில் உள்ள பல தகடு கிளட்ச் ஒன்றின் வழியாகப் போகிறது. தகடுகளை ஆயில் அழுத்தம் நெருக்குகிறது. அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது ‘சி’ சாலினாய்டு என்ற மின் வால்வு. அதை இயக்குவது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர். சாலினாய்டுக்கு மின்சாரம் எவ்வளவு அதிகமாகப் போகிறதோ, அவ்வளவு அழுத்தம் வடிந்து கிளட்ச் தளரும். மின்சாரம் நின்றால் கிளட்ச் முழு அழுத்தத்தில் பூட்டிக்கொள்ளும். பழுதானால் நாலு சக்கரமும் இழுக்கும் நிலையிலேயே வண்டி நிற்கட்டும் என்று அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் ஓடுகின்றன. அந்த வேக வித்தியாசத்தை இந்தக் கிளட்ச் வழுக்கித்தான் ஈடுகட்ட வேண்டும். வழுக்காமல் பிடித்துக்கொண்டால், எங்கேயாவது ஒரு டயர் தரையில் இழுபட்டாக வேண்டும். ஓட்டுபவருக்கு இறுக்கமும் குதிப்பும் தெரிவது அப்போதுதான். மெக்கானிக்குகள் இதை டார்க் பைண்ட் என்பார்கள்.

பனியில் இது தெரியாது. சக்கரம் வழுக்க இடம் கிடைப்பதால் இறுக்கம் தானே கழிந்துவிடும். ஜனவரியில் தொடங்கிய கோளாறு ஏப்ரலில், காய்ந்த தாரில், சூடான கியர்பாக்ஸில் தலைகாட்டுவதற்கு இதுவே காரணம். பனிப் பிரதேச வண்டிகளில் இந்தப் புகார் வசந்தத்தில் வருவதைக் கண்டால், கடந்த குளிர்காலத்தில் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும்.

விசாரித்ததில் கிடைத்தது

உரிமையாளரிடம் இரண்டு செட் டயர்கள். ஒன்டாரியோவில் குளிர்கால டயர் கட்டாயமில்லை (பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம்), ஆனாலும் பேரியில் இருப்பவர்கள் பலர் போடுவார்கள். ஜனவரியில் ஒரு குழியில் விழுந்து இடது முன் குளிர்கால டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தது. அதே கம்பெனி, அதே மாடல், அதே 225/60 ஆர்16 அளவில் ஒரே ஒரு புது டயர் வாங்கிப் போட்டார். மீதி மூன்றும் பழையவை. மார்ச் கடைசி வரை அப்படியே ஓடியது. ஏப்ரலில் கோடைச் செட்டுக்கு மாற்றினார். முன்பு பார்த்த ஒர்க்‌ஷாப் அளந்தது அந்தக் கோடைச் செட்டை. அது நாலும் நன்றாகவே தேய்ந்திருந்தது, வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குள்.

குளிர்காலச் செட்டைக் கொண்டுவரச் சொல்லி அளந்தால், புது டயரின் பட்டன் ஆழம் 9.2 மி.மீ. மற்ற மூன்றும் 5.1, 5.2, 5.4.

நாலு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். டயர் பட்டன் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் ஆரம் ஒரு மில்லிமீட்டர் குறையும், சுற்றளவு 6.28 மி.மீ. குறையும். சுபாரு சொல்லும் வரம்பு, நாலு டயர்களுக்குள் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலம், அதாவது 6.4 மி.மீ. அப்படியென்றால் அனுமதிக்கப்பட்ட தேய்மான வித்தியாசம் ஏறக்குறைய ஒரே ஒரு மில்லிமீட்டர். இந்த வண்டியில் ஓடியது அதைப்போல நான்கு மடங்கு, சுற்றளவில் சுமார் 25 மி.மீ.

225/60 ஆர்16 டயரின் சுற்றளவு கணக்குப்படி 2,125 மி.மீ. புது டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 470.6 சுற்று சுற்றும். 25 மி.மீ. குறைந்த பழைய டயர் 476.2 சுற்று. வித்தியாசம் 5.6. முன் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் கியர் தொகுதி) இடது வலது இரண்டையும் சராசரியாக்குவதால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.8 சுற்று மிஞ்சும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது மணிக்கு 280 சுற்று. கிளட்ச் இருப்பது பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால், சக்கரத்தைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகச் சுற்றும் தண்டில். எனவே அங்கே மணிக்கு 1,100 சுற்றுக்கு மேல். நேர்கோட்டில், காய்ந்த சாலையில், திருப்பமே இல்லாமல், கிளட்ச் தகடுகள் ஓயாமல் ஒன்றின்மேல் ஒன்று உரசிக்கொண்டே இருந்திருக்கின்றன. பார்க்கிங்கில் சில நொடி வழுக்குவதற்குச் செய்யப்பட்ட கிளட்ச் அது.

சோதனை வரிசை

முதலில் டார்க் பைண்ட்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். வண்டியைக் குறைந்தது இருபது நிமிடம் ஓட்டி கியர்பாக்ஸைச் சூடாக்கி, காலியான சமதள இடத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டி கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஊர விட வேண்டும். நல்ல வண்டி தானே வட்டமிடும். இறுகும் வண்டி சில அடியில் நின்றுவிடும் அல்லது விட்டு விட்டு நகரும். காலைத் தூக்கியிருப்பது முக்கியம்: ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால் கம்ப்யூட்டர் பின் கிளட்சுக்கு அழுத்தத்தைக் கூட்டும், அப்போது கொஞ்சம் இறுக்கம் இயல்பே. பிறகு ரிவர்ஸிலும் இதையே செய்ய வேண்டும். ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருந்தால் கிடைப்பது வேறு: சக்கரச் சுற்றுக்கு ஏற்ப ‘கட்கட்கட்’ என்ற சத்தம், வேகம் கூடினால் சத்தமும் வேகமாகும், வண்டி நிற்காது. இந்த வண்டியில் அந்தச் சத்தமே இல்லை. மாற்றிய ஆக்ஸில் வீண் செலவு.

அடுத்து டேஷ்போர்டில் கியர்பாக்ஸ் ஆயில் வெப்ப விளக்கு. சாவி போட்டு ஸ்டார்ட் செய்ததும் அது 16 முறை மினுக்கினால் கம்ப்யூட்டரில் ஒரு பழுதுக் குறியீடு பதிந்திருக்கிறது என்று பொருள். பலர் இதைக் கவனிப்பதில்லை, விளக்கு பிறகு அணைந்துவிடுவதால். இங்கே மினுக்கவில்லை. சாலினாய்டின் மின்தடையும் சரியாகவே இருந்தது (10 முதல் 17 ஓமுக்குள் இருக்க வேண்டும்). மின்சாரப் பக்கம் குற்றமில்லை.

மூன்றாவதாக ஃபியூஸ் சோதனை. எஞ்சின் அறையில், வலப்பக்கம், பின்சுவரை ஒட்டி, முன் சக்கர இழுப்புக்கான காலி ஃபியூஸ் கூடு ஒன்று உண்டு. அதில் 15 ஆம்பியர் ஃபியூஸைச் சொருகினால் சாலினாய்டுக்கு ஏறக்குறைய முழு மின்சாரம் போய், கிளட்ச் அழுத்தம் வடிந்துவிடும். வண்டி முன் சக்கர இழுப்பு மட்டும் ஆகும், டேஷில் அதற்கான விளக்கு எரியும். ஃபியூஸ் போட்டதும் இறுக்கம் முழுக்கப் போனால் சாலினாய்டும் தகடுகளும் அசைகின்றன. கோளாறை டயர், சென்சார், ஆயில் பக்கம் தேட வேண்டும். ஃபியூஸ் போட்டும் இறுக்கம் அப்படியே இருந்தால் சாலினாய்டு அடைத்திருக்கிறது, அல்லது தகடுகள் அவற்றைச் சுற்றியிருக்கும் உருளையான டிரம்மில் சிக்கியிருக்கின்றன.

இந்த வண்டி இரண்டு பதிலும் சொன்னது. ஆறிய நிலையில் ஃபியூஸ் போட்டதும் இறுக்கம் போனது. சூட்டில் பாதிதான் குறைந்தது, ரிவர்ஸில் கிட்டத்தட்ட குறையவே இல்லை. ஒரே ஒரு முறை, ஆறிய வண்டியில் மட்டும் ஃபியூஸைப் போட்டுப் பார்த்து ‘கிளட்ச் நல்லாத்தான் இருக்கு’ என்று முடிவெடுப்பது இந்தச் சோதனையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கூடு எல்லா அவுட்பேக்கிலும் இல்லை. அதே காலத்து ஆறு சிலிண்டர் வண்டிகளில் சிலவற்றில் நடு டிஃபரன்ஷியல் உள்ள வேறு அமைப்பு. அதில் இந்தச் சோதனை செல்லாது. மேனுவல் கியர் வண்டியிலும் கிடையாது: அங்கே நடு டிஃபரன்ஷியலோடு ஒரு விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான திரவத்தால் இயங்கும் இணைப்பு) இருக்கும், அது வெந்து பூட்டிக்கொண்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஆயில்

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பில் இல்லை. கரும்பழுப்பு, கருகிய வாடை. அது எப்போதாவது மாற்றப்பட்டதற்கான ரசீது எதுவும் இல்லை. டயர் ஒன்றால் மட்டும் ஒரு குளிர்காலத்தில் இந்த அளவு சேதம் வந்திருக்காது என்பதே இங்கே நியாயமான முடிவு. உரசல் தடுப்புச் சேர்மங்கள் தீர்ந்துபோன ஆயில் தகடுகளை வழுக்க விடாமல் பிடித்துப் பிடித்து விடும். அதன்மேல் மணிக்கு 1,100 சுற்று உரசலும் சேர்ந்தது.

ஏ.டி.எஃப்.பை ஒரே முறையில் மாற்ற முடியாது. மொத்தம் சுமார் 9.4 லிட்டர், அடியில் திறந்தால் வடிவது சுமார் 4. மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கும். வடித்து, நிரப்பி, சில நாள் ஓட்டி, மறுபடி வடிப்பது என மூன்று முறை செய்தால் 12 லிட்டர் செலவாகும், உள்ளே இருப்பதில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் புதிதாகும். டெக்ஸ்ரான் 3 தரத்துக்குப் பொருந்தும் ஆயில் போதும். இந்தத் தலைமுறையில் கியர்பாக்ஸுக்கு வெளியே திருகிப் பொருத்தும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. எஞ்சின் ஆயில் ஃபில்டர் போலவே தோன்றும். முதல் வடிப்பின்போதே அதையும் மாற்றிவிட வேண்டும்.

இந்த வண்டிக்கு அடியில் ஆயில் வடிக்கும் போல்ட்டுகள் முன்பக்கம் மூன்று: எஞ்சின், முன் டிஃபரன்ஷியல், ஏ.டி.எஃப். டிப் ஸ்டிக்கும் மூன்று. முன் டிஃபரன்ஷியலில் இருப்பது 75டபிள்யூ-90 கியர் ஆயில், வெறும் 1.2 லிட்டர். சுபாரு பழக்கமில்லாத ஆள் எஞ்சின் ஆயில் மாற்றுவதாக நினைத்து டிஃபரன்ஷியலை வடித்துவிட்டு, ஏற்கெனவே நிறைந்திருக்கும் எஞ்சினில் மேலும் 4 லிட்டர் ஊற்றி அனுப்பினால், டிஃபரன்ஷியல் காய்ந்து அலற ஆரம்பிக்க அதிகத் தூரம் வேண்டாம். எந்தக் கடையில் ஆயில் மாற்றினாலும் வண்டியை வெளியே எடுக்கும் முன் மூன்று டிப் ஸ்டிக்கையும் பார்ப்பது நல்லது. ஏ.டி.எஃப். அளவை மட்டும் சூட்டில், எஞ்சின் ஓடும்போது, ‘பி’யில் வைத்துப் பார்க்க வேண்டும். பின் டிஃபரன்ஷியலுக்கு 0.8 லிட்டர், அதையும் இதோடு மாற்றியாகிவிட்டது.

ஒவ்வொரு நிரப்புதலுக்குப் பிறகும் காலி இடத்தில், ஆயில் சூடேறிய பின், எட்டுப் போட்டு ஓட்டுவது உண்டு. முழுக்க ஒடித்து மெதுவாக வலமும் இடமும் மாறி மாறி. தகடுகள் புது ஆயிலில் நனைந்து பிரிய அது உதவும். ஆயில்தான் காரணம் என்றால் பெரும்பாலும் இங்கேயே வேலை முடிந்துவிடும். இந்த வண்டியில் முன்னோக்கித் திரும்பும்போது இருந்த இறுக்கம் போனது. சூட்டில் ரிவர்ஸ் மட்டும் பிடிவாதமாக நின்றது.

வாலைத் திறந்தபோது

நல்ல செய்தி, இந்தக் கிளட்சைப் பார்க்க கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. லிஃப்டில் ஏற்றி, சைலன்சரின் பின்பகுதியையும் வெப்பத் தடுப்புத் தகட்டையும் கழற்றி, பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டை எடுத்து, கியர்பாக்ஸை ஒரு மரக்கட்டை வைத்த ஜாக்கில் தாங்கவிட்டு, குறுக்குச் சட்டத்தை இறக்கினால் வால் உறை கைக்கு வரும். ஷாஃப்டைக் கழற்றுமுன் பின் டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்டிலும் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். மாற்றிப் பொருத்தினால் அதிர்வு வரும்.

இதில் நேரம் தின்பது கிளட்ச் அல்ல, துரு. ஒன்டாரியோ சாலைகளில் குளிர்காலம் முழுக்க உப்புக் கொட்டுகிறார்கள். இருபது வருட உப்பில் ஊறிய சைலன்சர் நட்டுகள் சாதாரண ஸ்பானருக்கு வராது. முந்தைய நாளே துரு இளக்கி அடித்து வைத்து, டார்ச் வைத்துச் சூடாக்கி எடுக்க வேண்டும். உடையும் என்று எண்ணி ஸ்டட், நட்டு, காஸ்கெட் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது சிக்கனம். லிஃப்டில் இருக்கும்போதே பிரேக் பைப்புகளையும் கையால் தடவிப் பார்த்தாகிவிட்டது. அவை உப்பில் அரித்துப்போகும் இன்னொரு இடம்.

வால் உறையைப் பிரித்து வெளியே எடுத்த கிளட்சில் தகடுகள் தேய்ந்திருந்தன, ஆனால் கருகவில்லை. குற்றம் டிரம்மில். தகடுகளின் காதுகள் உட்காரும் பள்ளச் சுவர்களில், ஒவ்வொரு தகடு நிற்கும் இடத்திலும், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு வெட்டு விழுந்திருந்தது. அழுத்தம் வடிந்தாலும் தகடுகள் அந்த வெட்டுகளில் சிக்கிக்கொண்டு பின்னால் நகர முடியவில்லை. ஆறிய நிலையில் எப்படியோ நழுவியவை, சூட்டில் நழுவவில்லை. ஃபியூஸ் சோதனை இரண்டு பதில் சொன்னதன் காரணமும், டயர் மாற்றிய பிறகும் கோளாறு போகாததன் காரணமும் இதுவே. இந்த வெட்டை அரத்தால் தேய்த்துச் சமன் செய்து மறுபடி போடுபவர்கள் இருக்கிறார்கள். பள்ளம் அகன்று காதுகள் ஆட ஆரம்பிக்கும், வெட்டு முன்னைவிட வேகமாக விழும். டிரம் புதிதாகவே வேண்டும்.

மாற்றியவை: டிரம், உராய்வுத் தகடுகளும் எஃகுத் தகடுகளும் முழு செட், ‘சி’ சாலினாய்டு, வால் உறைக் காஸ்கெட், பின் ஆயில் சீல். சாலினாய்டு மின்தடையில் தேறியதுதான். ஆனாலும் அதன் சன்னமான துளையில் தகட்டுத் தூள் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம், அதற்காக இவ்வளவையும் மறுபடி பிரிப்பது அறிவல்ல. புது உராய்வுத் தகடுகளை ஏ.டி.எஃப்.பில் சில மணி நேரம் ஊறவைத்தே கோக்க வேண்டும். கோத்தபின் கடைசித் தகட்டுக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, ஒர்க்‌ஷாப் கையேட்டு அளவுக்குள் வராவிட்டால் வேறு தடிமன் தகட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் புதிதாகப் போட்ட கிளட்சே இறுகும். உறையை மூடும்போது சின்ன வாஷர்களும் பேரிங்கும் விழாமல் இருக்க வாசலின் தடவி ஒட்டவைக்கலாம். அது ஏ.டி.எஃப்.பில் கரைந்துவிடும். கிரீஸ் கூடாது.

மூடி, ஆயில் நிரப்பி, சூடேற்றி ஓட்டியதில் இரு திசையிலும் முன்னும் பின்னும் தடையின்றித் திரும்பியது. ஃபியூஸ் போட்டும் எடுத்தும் பார்த்தாயிற்று: போட்டால் பின் சக்கரம் இழுக்கவில்லை, எடுத்தால் இழுக்கிறது.

குளிர்கால டயர்களை என்ன செய்வது

புது டயரைச் சீவி மற்ற மூன்றின் ஆழத்துக்குக் கொண்டுவரும் இயந்திரம் வட அமெரிக்காவில் சில டயர் கடைகளில் உண்டு. மூன்றும் 8 மில்லிமீட்டரில் இருந்தால் அது நல்ல யோசனை. இங்கே மூன்றும் 5இல். பனி மூடிய சாலையில் 4 மி.மீ.க்கு நெருங்கித் தேய்ந்த டயரை ஓட்டாதீர்கள் என்று கனடாப் போக்குவரத்துத் துறை சொல்கிறது. சீவினால் இன்னும் ஒரு பருவம் ஓடும், பிறகு நாலும் வாங்க வேண்டும். எனவே நாலும் புதிது.

ஜனவரியில் ஒன்றுக்குப் பதில் நாலு வாங்கியிருந்தால் கூடுதலாக ஆகியிருக்கக்கூடியது மூன்று டயரின் விலை. அதை மிச்சப்படுத்தப் போய் கிளட்ச், டிரம், ஆயில், லிஃப்ட் கூலி, தேவையில்லாத ஒரு ஆக்ஸில் என்று அதைத் தாண்டிப் போய்விட்டது. இந்த வகை வண்டியில் டயரை டிஃபரன்ஷியலைப்போல ஓட்ட அமைப்பின் ஒரு பாகமாகவே கணக்கில் வைக்க வேண்டும். 1972இல் லியோனே ஸ்டேஷன் வேகனில் சுபாரு நாலு சக்கர இழுப்பைக் கொண்டுவந்த காலத்தில் அது வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்வது. காய்ந்த சாலையில் எடுத்துவிடுவார்கள், டயர் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எப்போதும் நாலும் இழுக்கும் வண்டியில் அந்தத் தாராளம் கிடையாது.

சுமார் 12,000 கி.மீ.க்கு ஒரு முறை டயர்களை முன்பின் மாற்றுவது, மாதம் ஒருமுறை கதவோரம் ஒட்டிய தாளில் உள்ள அளவுக்குக் காற்று பார்ப்பது, இரண்டும் இந்த ஒரு மில்லிமீட்டர் வரம்புக்குள் வைத்திருக்க. செட்டைக் கழற்றி அடுக்கும்போது ஒவ்வொரு டயரிலும் எந்த மூலையிலிருந்து வந்தது, ஆழம் எவ்வளவு என்று சாக்பீஸால் எழுதிவிட்டால் அடுத்த பருவத்தில் தேட வேண்டியதில்லை. ஆழத்தை மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

எஞ்சின் பற்றி இரண்டு வார்த்தை

லிஃப்டில் இருந்தபோது ஹெட் காஸ்கெட்டும் (எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பார்க்கப்பட்டது. 2.5 லிட்டர் சுபாரு எஞ்சினில் இது தெரிந்த பலவீனம். 1990களின் டபுள் கேம் எஞ்சினில் காஸ்கெட் உள்ளே விட்டு, எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்து எஞ்சின் சூடேறும். இந்த வண்டியில் உள்ள சிங்கிள் கேம் எஞ்சினில் பெரும்பாலும் வெளியே கசியும்: சிலிண்டர் படுத்திருப்பதால் ஹெட்டின் கீழ் விளிம்பில் ஆயிலோ கூலண்டோ ஈரமாகத் தெரியும். 2004இல் அமெரிக்காவில் சுபாரு குறிப்பிட்ட 1999–2002 வண்டிகளுக்குக் கூலண்டில் ஒரு கண்டிஷனர் ஊற்றி, வெளிக் கசிவுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைலுக்கு நீட்டியது. இந்த 2003 வண்டியில் இடப்பக்கம் ஆயில் ஈரம் மட்டும், சொட்டு இல்லை, கூலண்ட் குறையவில்லை. அவசரமில்லை. ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் பார்த்தால் போதும். டைமிங் பெல்ட்டுக்கு அமெரிக்க அட்டவணை 1,05,000 மைல், சுமார் 1,69,000 கி.மீ. அது அறுந்தால் இந்த எஞ்சினில் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பெல்ட் மாற்றிய ரசீது இருந்தது.

கடைசியாக, அந்த ஃபியூஸ். சின்ன ஸ்டெப்னி மாட்டி ஓட்ட நேரும்போது அதைப் போட்டே ஓட்ட வேண்டும். ஸ்டெப்னியின் சுற்றளவு வேறு என்பதால் கையேடும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கிளட்ச் இறுக்கத்தை மறைக்க மாதக்கணக்கில் போட்டு ஓட்டக் கூடாது: பனியில் பின் சக்கர இழுப்பு இருக்காது, சாலினாய்டு இடைவிடாமல் மின்சாரத்தில் நிற்கும். வண்டி வழியில் நின்றுவிட்டால் நாலு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும், முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துச் செல்ல விடக் கூடாது. இந்த வண்டியின் கையுறைப் பெட்டியில் இப்போது 15 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டும் ஒரு டயர் ஆழமானியும் இருக்கின்றன.